புளியிலைக்கரை முண்டு கேட்டால் 'இப்ப அதெல்லாம் வராது' என்கிறார்கள். நம்ம ஊர் துணிக்கடைகளுக்கு என்ன ஆச்சு?

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய குழித்துறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரும் ஊகித்தும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாக ஓணக்கோடி (ஓணத்துப் புதுத்துணி), பள்ளிக்கூட யூனிஃபார்ம், கல்யாணச் சேலை எல்லாம் அந்த ஒரே கடையில்தான். அப்பா இறந்தபோது போர்த்திய கோடியும் அங்கே வாங்கியதுதான்.

இந்த ஓணத்துக்கு அம்மாவுக்கு ஒரு செட்டு முண்டு (கட்ட ஒன்று, மேலே போட ஒன்று), அண்ணனுக்கு கசவு, அதாவது தங்க ஜரிகை, வைத்த இரட்டை முண்டு, மகனுக்கு இரண்டு சட்டை, எனக்கு ஒரு சுடிதார் துணி எடுத்தேன். மொத்தம் 6,840 ரூபாய். கடையில் விலை குறைந்த அடுக்கு, கூடின அடுக்கு என்று இரண்டு இருக்கிறது. கூடின அடுக்கிலிருந்துதான் எடுத்தேன். பில்லில் 'சுத்த காட்டன்' என்றே போட்டிருக்கிறது.

அண்ணன் முண்டை மூன்றாவது தடவை துவைத்துக் கொடியில் போடும்போதுதான் கவனித்தேன். கசவுக் கரையில் மடிப்பு விழுந்த இடத்தில் தங்க நிறம் உரிந்து, உள்ளே வெள்ளையாக ஒரு நூல் தெரிகிறது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் மிட்டாய்த் தாள் மாதிரி எழும்பி வருகிறது. துணியைக் கையால் தடவினால் சின்னச் சின்ன உருண்டைகள் தட்டுப்படுகின்றன. மகனின் சட்டைக் காலர் இரண்டே துவைப்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. இஸ்திரி போட்டாலும் அமுங்கவில்லை.

அலமாரியில் அப்பாவின் பழைய முண்டு ஒன்று இருக்கிறது. 1998-ல் அக்கா கல்யாணத்துக்கு இதே கடையில் எடுத்தது. மனசு ஆறாமல் இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழையது 360 கிராம், புதியது 290. இருபது வருஷத்துக்கு மேல் துவைத்துத் தேய்ந்த துணி, நேற்று எடுத்த துணியைவிடக் கனமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் கவுண்டரில் ஒரு அண்ணாச்சி இருப்பார். முண்டை உதறி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "பாருங்கம்மா, சந்து தெரியுதா?" என்று கேட்பார். ஒரு தடவை அம்மா ஆசைப்பட்டு எடுத்த சேலையை, "இது வேண்டாம்மா, மூணு துவைப்புக்கு நிக்காது" என்று அவரே மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேறு எடுத்துப் போட்டார். விலை குறைந்த சேலையைத்தான் எடுத்துப் போட்டார்.

இந்த முறை அம்மா கேட்டது புளியிலைக்கரை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், புளிய இலை அகலத்துக்கு மெல்லிசாக ஓடுகிற கரை. வயதானவர்கள் கோயிலுக்குக் கட்டுவது அதுதான். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கவுண்டரில் இருந்த பையன், "அதெல்லாம் இப்ப வராது மேடம், இதைப் பாருங்க" என்று மயிற்பீலி அச்சடித்தது, கதகளி முகம் அச்சடித்தது, சங்கும் சக்கரமும் அச்சடித்தது என்று பதினைந்து உருப்படி விரித்துப் போட்டான். அம்மா ஒன்றையும் தொடவில்லை. கடைசியில் நான்தான் எதையோ எடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மட்டும்தான் இப்படியா, எல்லா இடத்திலும் இதுதானா? துணி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

நெய்யாற்றின்கரை வாசி (ஞாயிறு, இரவு 10.15)

அக்கா, இங்கேயும் இதே கதைதான். போன வருஷம் என் மனைவிக்கு எடுத்த ஓணச் சேலையில் தங்க நிறத்தில் அச்சடித்த பூ. ஒரு நாள் கட்டி வேர்வை பட்டதற்கே பளபளப்பு முழுக்க ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டது. எடுத்தது வேறு கடை. ஆக, ஒரு கடையின் பிரச்சினை இல்லை இது.

---

பாறசாலை தையல் (ஞாயிறு, இரவு 11.02)

இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறேன். காலர் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், முண்டைப் பற்றி நெய்கிறவர்கள் வந்து சொல்லட்டும்.

சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே கான்வாஸ் துணி வைப்போம். முன்பெல்லாம் அதைத் தைத்துத்தான் வைப்போம். இப்போது ரெடிமேடு முழுக்க ஒட்டுக் கான்வாஸ். ஒரு பக்கம் பசை இருக்கும், சூட்டில் அழுத்தினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். அதில் தப்பே இல்லை, நல்ல கான்வாஸை சரியான சூட்டில் சரியான நேரம் அழுத்தினால் சட்டை கிழிகிற வரைக்கும் நிற்கும். மட்டமான பசை, அவசர அழுத்தம் என்றால் துவைக்கும்போது கான்வாஸ் ஒரு அளவும் துணி ஒரு அளவும் சுருங்கும். உங்கள் மகன் சட்டையில் கொப்புளம் வந்தது அதனால்தான். அதற்கு மருந்து கிடையாது. காலரைப் பிரித்து வேறு வைக்கலாம், ஆனால் அந்தக் கூலிக்குப் புதுச் சட்டையே வாங்கிவிடலாம்.

கடையில் நிற்கும்போதே பார்க்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. சட்டையை உள்பக்கம் திருப்பி விலாத் தையலைப் பாருங்கள். ஒரு இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையலாவது இருக்க வேண்டும். ஏழு, எட்டு என்றால் இழுத்த இழுப்பில் வாய் பிளக்கும். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நாங்கள் முக்கால் இஞ்சு விடுவோம், பிள்ளை தடித்தால் பிரித்து விடலாம். இப்போது வருகிற ரெடிமேடில் ஓவர்லாக் அடித்ததோடு சரி, கால் இஞ்சு கூட இல்லை. பட்டன் காஜாவுக்குள் விரல் நகத்தை விட்டுப் பாருங்கள், நூல் பிசிறினால் அந்தச் சட்டை வேண்டாம். அப்புறம் கட்டம் போட்ட சட்டை என்றால் பையில் இருக்கிற கட்டமும் மார்பில் இருக்கிற கட்டமும் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டம் சேர்க்க துணி கூடுதலாக ஆகும். துணி மிச்சம் பிடிக்கிறவன் முதலில் கைவைக்கிற இடம் அதுதான்.

---

கொல்லங்கோடு கடலோரம் (திங்கள், காலை 7.20)

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நான் சின்னவளாக இருந்தபோது ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ புதுத்துணி. மற்றவர்களுக்கு அடுத்த வருஷம். ஒரே சுருள் துணியில் ஒன்றாக வெட்டி அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி பாவாடை தைப்பார்கள், அக்காவுக்குச் சிறுத்ததும் அதுவும் எனக்கே வரும். இப்போது கூலி வேலை செய்கிற வீட்டில் கூட எல்லாப் பிள்ளைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை புதுச் சட்டை கிடைக்கிறது. 250 ரூபாய் சட்டை மூன்று மாதம்தான் வரும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாங்குகிறோம். திருவிழா அன்று பிள்ளை புதுசு போட்டு நிற்கணும்.

இந்த விலை குறைந்த துணி வந்ததைக் குறை சொல்கிறவர்கள் அந்த இரண்டு பேர், மூன்று பேர் கணக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

---

தாமிரபரணிக்கரை (திங்கள், காலை 8.05)

கொல்லங்கோடு அக்கா, நீங்கள் சொல்வது முழுக்க சரி. எங்கள் வீட்டிலும் அக்கா பாவாடைதான் எனக்கு வந்தது. 250 ரூபாய் சட்டை கடையில் இருக்கத்தான் வேண்டும், அதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். 1,900 ரூபாய் கொடுத்து, காட்டன் என்று பில்லில் எழுதி வாங்கியதும் அதே தரத்தில் இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். நல்லதை வாங்க நினைக்கிறவளுக்கு நல்லது எது என்று அடையாளம் காட்ட அந்தக் கடையில் இப்போது ஒரு ஆள் இல்லை.

---

கொல்லங்கோடு கடலோரம் (திங்கள், காலை 8.31)

அப்படியென்றால் சரி. அது ஏமாற்றுதான்.

---

பழைய கவுண்டர் (திங்கள், இரவு 8.50)

இந்த இழையை இரண்டு தடவை படித்தேன். நான் பத்தொன்பது வருஷம் துணிக்கடைக் கவுண்டரில் நின்றவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்று கடை, திருவனந்தபுரத்தில் ஒன்று. எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.

அந்த அண்ணாச்சி ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் துணியை மடிக்கத்தான் விட்டார்கள். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் மடிப்பு. வேறு எதற்கும் இல்லை, கை பழகத்தான். ஆறு மாதம் மடித்தவன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து எண்பதாம் நம்பர் நூலா நூறாம் நம்பர் நூலா, பாலியெஸ்டர் கலந்ததா என்று சொல்லிவிடுவான். அதற்கு அப்புறம்தான் கவுண்டர். முதலாளி கொள்முதலுக்கு ஈரோட்டுக்கோ, கைத்தறி நெய்கிற பாலராமபுரத்துக்கோ போகும்போது மூத்த ஆள் ஒருவரையும் கூட்டிப் போவார். "நீதானடே விக்கணும், நீ சொல்லு" என்பார். நாங்கள் வேண்டாம் என்று சொன்ன சரக்கை அவர் எடுத்ததில்லை.

பிறகு கடை நான்கு மாடி ஆனது. ஏசி, லிஃப்ட், டிவியில் விளம்பரம். வங்கிக் கடனுக்கு மாசாமாசம் தவணை. அந்த அளவு இடத்தை நிரப்ப சரக்கு வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தால் நிரம்பாது. அப்போதுதான் லாட்டாக எடுக்கத் தொடங்கினார்கள். இப்போது சூரத்திலிருந்து வாட்ஸாப்பில் படம் வருகிறது, பர்ச்சேஸ் ஆள் ஏசி அறையில் உட்கார்ந்து டிக் போடுகிறார். படத்தில் நிறம் தெரியும், பூ தெரியும். துணி எப்படி என்று படத்தில் தெரியுமா? அதனால்தான் கடை முழுக்க அச்சடித்த பூவும் மயிற்பீலியுமாக இருக்கிறது. படத்தில் எடுப்பாகத் தெரிவது அதுதானே. புளியிலைக்கரை முண்டைப் படம் பிடித்தால் வெறும் வெள்ளைத் துணியாகத்தான் தெரியும்.

2022-ல் பருத்தி விலை ஏறியது நினைவிருக்கும். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி அந்த மே மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தமே நடந்தது. அப்போது நான் இருந்த கடையில் பழைய விலையிலேயே விற்க வேண்டும் என்று பாலியெஸ்டர் கலந்த முண்டை இறக்கினார்கள். பருத்தி விலை பிறகு இறங்கிவிட்டது. கலப்பு முண்டு போகவில்லை. ஒரு தடவை வாடிக்கையாளர் கேள்வி கேட்காமல் வாங்கிவிட்டால் பழைய சரக்குக்குத் திரும்ப மாட்டார்கள். நான் கண்ணால் பார்த்தது இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிற வேலை. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து சம்பளத்தில் பிடிப்பார்கள். உட்காரும் உரிமைக்குக் கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி, 2018-ல் சட்டம் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது. அதற்குள் என் காலில் நரம்பு சுருண்டுவிட்டது. என்னோடு துணி பழகிய எட்டுப் பேரில் இன்று ஒருவர்கூட கவுண்டரில் இல்லை. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பேர் வளைகுடாவில், நான் வீட்டோடு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இப்போது நிற்கிற பையனைத் திட்டாதீர்கள் அக்கா. அவனுக்கு யாரும் மடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

---

தாமிரபரணிக்கரை (திங்கள், இரவு 9.14)

அண்ணே, இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த அண்ணாச்சிக்கும் காலு வலி இருந்துச்சு, ஸ்டூலைப் பிடிச்சிட்டுதான் நிப்பாரு" என்றாள் அம்மா. எனக்கு அது நினைவே இல்லை.

---

தக்கலை கணக்கு (செவ்வாய், காலை 10.30)

நான் இரண்டு துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வரி பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன், இதுவும் தரத்தோடு தொடர்புடையதுதான்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தைத்த உடைக்கு 1,000 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். அதனால் 1,100, 1,150 ரூபாய்க்கு விற்க வேண்டிய சட்டையை 999-க்குள் அடக்கத் தயாரிப்பாளருக்கு ஆசை வரும். எப்படி அடக்குவது? துணியை மெல்லிசாக்கு, தையல் இடத்தைக் குறை, பட்டனை மாற்று. பாறசாலை அண்ணன் சொன்ன கால் இஞ்சு எங்கிருந்து வந்தது என்று இதை வைத்து யோசித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லை 2,500 ரூபாய் ஆகியிருக்கிறது, அதற்கு மேல் 18 சதவீதம். 1,000 முதல் 2,500 வரை உள்ள உடைக்கு வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே அந்த விலையில் நல்ல துணி போட இப்போது இடம் இருக்கிறது. போடுகிறார்களா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

வெட்டி வாங்குகிற துணிக்கு எந்த விலையிலும் 5 சதவீதம்தான். நல்ல துணி எடுத்துத் தைத்துப் போடுகிறவர்களுக்கு இந்த எல்லைத் தொல்லை கிடையாது.

---

தறிச்சத்தம் (செவ்வாய், இரவு 10.10)

பாலராமபுரத்துக்காரன். நெசவு செய்கிற சாலியர் வீடு. தகப்பனார் காலம் வரைக்கும் குழித்தறி, எனக்கு வேறு உத்தியோகம், சித்தப்பா இன்னும் தறியில் இருக்கிறார். திருவிதாங்கூர் மகாராஜா பாலராம வர்மா காலத்தில் தெற்குத் தமிழ்ப் பகுதியிலிருந்து எங்கள் முன்னோரை நெய்யக் கொண்டுவந்து தெரு அமைத்துக் கொடுத்தார்கள். அவர் பெயர்தான் ஊருக்கு. வீட்டுக்குள் இன்றும் தமிழ்தான் பேசுகிறோம்.

முதலில் தராசு விஷயத்தில் ஒரு திருத்தம். எடை குறைவு என்பதால் மட்டும் துணி மோசம் என்று சொல்லக் கூடாது அக்கா. நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நூறாம் நம்பர் நூலில் நெருக்கமாக நெய்த முண்டு, அறுபதாம் நம்பர் முண்டைவிட எடை குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். பார்க்க வேண்டியது நெருக்கம். பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) எவ்வளவு அடர்த்தியாக விழுந்திருக்கின்றன என்பதுதான். உங்கள் அண்ணாச்சி டியூப்லைட்டில் பிடித்துக் காட்டினாரே, அவர் காட்டியது அதைத்தான். உங்கள் புதுமுண்டில் எடையும் குறைவு, உருண்டையும் வந்திருக்கிறது. உருண்டை பருத்தியிலும் கொஞ்சம் வரும், ஆனால் துவைக்கத் துவைக்க உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்தால் உதிராது, அந்த இழை அறுந்து போகாமல் உருண்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சந்தேகம் தீர ஒரு வழி. ஓரத்திலிருந்து ஊடை நூல் ஒன்றும் பாவு நூல் ஒன்றும் உருவி எடுத்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் மாவாகப் போகும். பாலியெஸ்டர் என்றால் சுருண்டு உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கருப்பாகக் கெட்டிப்படும். இரண்டு நூலையும் பார்க்கணும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலர் பாவில் பருத்தி வைத்துவிட்டு ஊடையில் கலப்படம் செய்கிறார்கள். கசவையும் இப்படியே பார்க்கலாம். உங்களுடையது மிட்டாய்த் தாள் மாதிரி எழும்புகிறது என்றால் அது பிளாஸ்டிக் ஜரிகைதான், கொளுத்திப் பார்க்கவே வேண்டாம்.

புளியிலைக்கரை "வராது" என்று சொன்னது எனக்கு நெஞ்சில் பட்டது. வராமல் என்ன? சித்தப்பா இந்த மாதம் கூட மூன்று முண்டு போட்டிருக்கிறார். ஒரு இரட்டை முண்டுக்கு இரண்டு நாள் குழியில் காலை வைத்து உட்கார வேண்டும். பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு, தெருவில் நீட்டி, தூரிகையால் நீவி, காய்ந்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். மழை வந்தால் அன்றைக்கு வேலை போச்சு. இத்தனையும் செய்து கடைக்குக் கொண்டு போனால், "இந்தக் கரை ஓடாது, அகலக் கரை போடு, விலையை இறக்கு" என்கிறார்கள். கவுண்டரிலோ "வராது" என்கிறார்கள். உங்கள் அம்மா கேட்டது எங்கள் காதுக்கு வந்து சேரவே இல்லை. நாங்கள் நெய்தது உங்கள் அம்மா கண்ணில் படவே இல்லை. நடுவில் ஒரு கடை இருக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதானே கடையின் வேலை?

வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2006-லிருந்து இருக்கிறது. பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு விசைத்தறித் துணி நிறைய வருகிறது, அதனால் முத்திரையோடு நிறுத்தாமல் தொட்டும் பாருங்கள்.

---

நெய்யாற்றின்கரை வாசி (செவ்வாய், இரவு 10.42)

பாலராமபுரத்துக்கு ஆறு கிலோமீட்டர் பக்கத்தில் இருந்துகொண்டு நான் சூரத்துச் சேலை வாங்கியிருக்கிறேன். படிக்கவே சங்கடமாக இருக்கிறது.

---

கோர்ட்டு ரோடு (புதன், காலை 9.00)

நாகர்கோவிலில் வக்கீல் அலுவலகத்தில் வேலை. சட்டப்படி என்ன செய்யலாம் என்று யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போர்டு வைத்திருப்பார்கள், பில்லின் அடியிலும் அச்சடித்திருப்பார்கள். குறை உள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47) இருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. காட்டன் என்று எழுதிக் கலப்படம் கொடுத்தால் பொருந்தும்.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு வசதியும் இந்தச் சட்டத்தில் வந்தது. வாங்கினது திருவனந்தபுரமாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது நாகர்கோவிலில். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் செய்து பாருங்கள், பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். தெர்மல் தாளில் எழுத்து மங்கிவிடும், இன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

தாமிரபரணிக்கரை (வெள்ளி, இரவு 8.20)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை ராத்திரி தறிச்சத்தம் தம்பி சொன்னபடி இரண்டு நூலையும் உருவிக் கொளுத்தினேன். பாவு நூல் சாம்பலாகப் போனது. ஊடை நூல் சுருண்டு கருப்பு மணியாக நின்றது. அப்படியே ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டேன்.

நேற்று கடைக்குப் போனோம், அம்மாவும் வந்தாள். வாங்கி இருபத்திரண்டு நாள் ஆகிறது. மேனேஜர் முதலில் போர்டைத்தான் காட்டினார். நான் சட்டப் பிரிவைச் சொன்னேன், தட்டையும் திறந்து காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டு வந்தார். பிறகு முதலாளியின் மகனே கீழே வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். முண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அம்மா அவரிடம், "மக்களே, உங்கப்பா இருந்தா இந்த முண்டை எனக்குத் தந்திருக்க மாட்டாரு" என்றாள். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. முண்டுக்கும் சட்டைக்கும் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டு, "அக்கா, பில்லில காட்டன்னு போட்டது எங்க தப்பு" என்றார். அதை நான் மதிக்கிறேன், எழுதாமல் விடுவது நியாயமில்லை.

புளியிலைக்கரை பற்றியும் கேட்டேன். "ஒரு வருஷத்துல பத்துப் பேர் கேட்டா பெரிசு, அதுக்காக எப்படி ஸ்டாக் வைக்கிறது?" என்றார். பத்துப் பேரும் கேட்டுவிட்டு 'வராது' என்ற பதிலோடு திரும்பிப் போயிருக்கிறார்கள், அது உங்கள் கம்ப்யூட்டரில் ஏறாதே தம்பி என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். யோசிப்பாரா என்று தெரியாது. அச்சடித்த செட்டு முண்டை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை, அது குறையுள்ள பொருள் இல்லையே, நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே என்றுவிட்டாள்.

---

பழைய கவுண்டர் (வெள்ளி, இரவு 8.55)

அம்மா சொன்னது நெஞ்சைத் தொட்டது. முதலாளி மகன் கீழே இறங்கி வந்தார் என்பதே பெரிய விஷயம் அக்கா. நான் இருந்த கடைசிக் கடையில் வாடிக்கையாளர் முதலாளி முகத்தையே பார்த்ததில்லை. பத்துப் பேர் கணக்குக்கு ஒரு வழி உண்டு. முன்பு எங்களிடம் ஒரு நோட்டு இருக்கும், இல்லை என்று சொல்லி அனுப்புகிற ஒவ்வொரு சரக்கையும் அதில் எழுதுவோம். மாசக் கடைசியில் முதலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொள்முதலுக்குக் கிளம்புவார். அடுத்த தடவை போனால் அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். நாற்பது ரூபாய் நோட்டு போதும்.

---

கொல்லங்கோடு கடலோரம் (வெள்ளி, இரவு 9.10)

சட்டைப் பணம் கைக்கு வந்ததில் சந்தோஷம். பாறசாலை அண்ணே, என் மகனுக்கு வெள்ளைச் சட்டை இரண்டு வேண்டும். துணி எடுத்துத் தந்தால் தையல் கூலி எவ்வளவு?

---

பாறசாலை தையல் (வெள்ளி, இரவு 9.26)

துணியை முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துக் கொண்டு வாருங்கள் அக்கா. சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். கூலி தனிச் செய்தியில் சொல்கிறேன். பையனையும் கூட்டி வாருங்கள், பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம்.

---

தாமிரபரணிக்கரை (சனி, காலை 6.50)

தறிச்சத்தம் தம்பி, திரும்பி வந்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு புளியிலைக்கரை எடுக்கலாம் என்று இருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் குழித்துறையிலிருந்து பாலராமபுரத்துக்கு வருகிறோம். அம்மாவுக்குத் தறியைப் பார்க்கணுமாம். அப்பாவின் முண்டையும் கொண்டு வரலாமா? அந்தக் கரை மாதிரியே ஒன்று அண்ணனுக்கு நெய்ய முடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

---

தறிச்சத்தம் (சனி, காலை 7.35)

கேட்டுவிட்டேன், முடியும் என்கிறார். கட்டாயம் கொண்டு வாருங்கள். ஆனால் கஞ்சி போட வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசி மடித்துக் கொண்டு வந்தால் போதும். கஞ்சி இருந்தால் பூதக்கண்ணாடி வைத்து நூல் எண்ண முடியாது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், அம்மாவை நடக்க வைக்க வேண்டாம்.